கடன் நிற்கட்டும், வண்டி போகட்டும்

நாலு டயரும் காற்றிறங்கி, கண்ணாடியில் தூசி படிந்து, அடியில் குப்பை சேர்ந்து மாதக்கணக்கில் அசையாமல் நிற்கும் கார் இல்லாத தெரு நம் நகரங்களில் அரிது. உரிமையாளரின் அலட்சியம் என்று அக்கம்பக்கத்தார் நினைக்கிறார்கள். மாநகராட்சியும் அப்படியே கருதி நோட்டீஸ் ஒட்டுகிறது. இந்த வண்டிகளில் ஒரு பகுதி அலட்சியத்தால் நிற்பவை அல்ல. அவற்றின் ஆர்.சி.யில் உரிமையாளர் பெயரோடு ஒரு வங்கியின் பெயரோ நிதி நிறுவனத்தின் பெயரோ பதிவாகியிருக்கிறது. ‘எச்.பி. போட்ட வண்டி’ என்று சந்தையில் இதைத்தான் சொல்கிறார்கள். தவணை பாக்கி இருக்கும்வரை அந்தப் பதிவு போகாது. பதிவு போகும்வரை கடன் கொடுத்தவரின் சம்மதமின்றி வண்டியை விற்க முடியாது, உடைக்கவும் கொடுக்க முடியாது. கடன் கொடுத்தவருக்கோ ஓடாத வண்டியைத் தூக்கிக்கொண்டு போவதில் ஆர்வம் இல்லை. இப்படி யாருக்கும் பயன்படாத ஒரு பொருள், யாராலும் அப்புறப்படுத்த முடியாத பொருளாகவும் ஆகிவிடுகிறது. இந்த முடிச்சை அவிழ்க்க ஒரு வழி உண்டு. கடனையும் ஈட்டையும் தனித்தனியே பார்க்க வேண்டும். கடன் தீரும்வரை கடன் நிற்கட்டும். மதிப்பிழந்துபோன வண்டியை அதற்காகப் பிடித்துவைக்க வேண்டியதில்லை.

இந்த நிலை எப்படி உருவாகிறது என்பதை ஒரு கணக்கில் பார்க்கலாம். பழைய கார் வாங்க ஒருவர் 3 லட்சம் ரூபாயை 16 சதவீத வட்டியில் 4 ஆண்டுத் தவணைக்கு வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். மாதத் தவணை ஏறக்குறைய 8,500 ரூபாய். 18 தவணைகளை ஒழுங்காகக் கட்டி முடித்தபோது அசலில் இன்னும் 2,09,000 ரூபாய் அளவுக்கு மிச்சம் இருக்கும். அந்த மாதம் என்ஜின் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டால் மெக்கானிக் சொல்லும் செலவு, வண்டி ஓடும் நிலையில் இருந்தால் கிடைக்கக்கூடிய விலையையே நெருங்கலாம். சிறிய கார் ஒன்றின் எடை 750 கிலோ, இரும்பு விலை கிலோவுக்கு 25 ரூபாய் என்று கொண்டால், எடைக்குப் போட்டால் தேறுவது 18,750 ரூபாய். வேலைக்குப் போக வண்டியை நம்பியிருந்தவருக்கு, வண்டி நின்றதும் வருமானமும் தடைபடுகிறது, தவணையும் நிற்கிறது. 90 நாள் தாண்டினால் அது வாராக் கடன். கடனாளி ஏமாற்றுக்காரராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. மதிப்பு குறையும் வேகத்துக்கு அசல் குறைவதில்லை என்ற எளிய கணக்கே போதும்.

இயற்கைப் பேரிடர் இதே நிலையை ஒரே இரவில் ஆயிரக்கணக்கானோருக்கு உண்டாக்கும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் கார்கள் மூழ்கியதை நாடே பார்த்தது. தண்ணீர் புகுந்த என்ஜினை ஸ்டார்ட் செய்தால், சிலிண்டருக்குள் இருக்கும் நீர் அழுந்தாமல் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அது வெள்ளத்தால் நேரடியாக வந்த சேதம் அல்ல, பின்விளைவு என்று சொல்லி, என்ஜின் பாதுகாப்புக்கான கூடுதல் காப்பீடு எடுக்காதவர்களின் கோரிக்கையைக் காப்பீட்டு நிறுவனங்கள் மறுப்பது வழக்கம். பழுதுச் செலவு, காப்பீட்டில் குறித்த மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் முழு இழப்பாகக் கருதி இழப்பீடு தருவார்கள். அது முதலில் கடன் கொடுத்தவருக்குப் போகும். அந்த வரம்புக்குள் வராதவருக்கும், மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் வைத்திருந்தவருக்கும் மிஞ்சுவது ஓடாத வண்டியும் ஓடிக்கொண்டிருக்கும் வட்டியும்தான்.

அடுத்தது சட்டம். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 51ஆவது பிரிவில், தவணை முறையிலோ ஈட்டின் பேரிலோ வாங்கிய வண்டிக்கு நிதி கொடுத்தவரின் பெயரை ஆர்.சி.யில் பதியச் சொல்கிறது. அவருடைய எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் பெயர் மாற்றம் கிடையாது. பழைய வண்டிகளை முறையாக உடைப்பதற்கென்று 2021 செப்டம்பரில் மத்திய அரசு தனி விதிகளைக் கொண்டுவந்தது. அந்த விதிகளின்படி, பதிவு பெற்ற உடைப்பு நிலையம் ஒரு வண்டியை ஏற்கும் முன் ‘வாகன்’ என்ற அரசின் வாகனப் பதிவுத் தரவுத்தளத்தில் சில விஷயங்களைச் சரிபார்க்க வேண்டும்: வண்டிமேல் குற்ற வழக்கு இருக்கக் கூடாது, வரி பாக்கி இருக்கக் கூடாது, கடன் ஒப்பந்தம் முடிந்து எச்.பி. நீங்கியிருக்க வேண்டும். திருட்டு வண்டிகளைத் தடுக்க இது அவசியமான ஏற்பாடு. ஆனால் திருட்டு வண்டியையும் தவணை கட்ட முடியாமல்போன வண்டியையும் ஒரே கதவு அடைத்துவிடுகிறது. உடைப்பு நிலையத்துக்கு வண்டியைக் கொடுத்தவருக்குப் புது வண்டிக்கான சாலை வரியில் 25 சதவீதம் வரை சலுகை உண்டு என்று அரசு ஊக்கம் தருகிறது. அந்தச் சலுகை தவணை பாக்கி உள்ளவருக்கு எட்டாத தூரத்தில் இருக்கிறது.

முறையான கதவு அடைபட்டால் மனிதர்கள் கொல்லைவழியைத் தேடுவார்கள். ஒரு வழி, வண்டியை அப்படியே போட்டுவைப்பது. மழைநீர் தேங்கிக் கொசு பெருகும். பேட்டரியின் ஈயமும் அமிலமும் மண்ணில் இறங்கும். டயரையும் சைலன்சரையும் யாராவது கழற்றிப் போவார்கள். பொது இடத்தில் 10 மணி நேரத்துக்கு மேல் கேட்பாரற்று நிற்கும் வண்டியை அப்புறப்படுத்தச் சீருடையில் உள்ள காவல் அதிகாரி உத்தரவிடலாம் என்று அதே சட்டத்தின் 127ஆவது பிரிவு சொல்கிறது. அந்தச் செலவும் உரிமையாளர் தலையில்தான். இன்னொரு வழி காயலான் கடை. ரசீது இல்லாமல், ஆர்.சி.யை ரத்து செய்யாமல், கைக்கு வந்த ரொக்கத்தை வாங்கிக்கொண்டு வண்டியைத் தள்ளிவிடுவது. சென்னை புதுப்பேட்டை போன்ற பழைய உதிரிபாகச் சந்தைகளில் நேர்மையாகத் தொழில் செய்பவர்கள் ஏராளம்; ஆனால் இப்படிக் காகிதம் இல்லாமல் வரும் வண்டியின் நம்பர் பிளேட்டும் சேஸிஸ் எண்ணும் எங்கே போய்ச் சேரும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. ஈடு வைத்த பொருளைச் சம்மதமின்றி விற்றதற்காக நம்பிக்கை மோசடிப் புகாரும் வரலாம். ‘ஓடுற வரைக்கும் ஓட்டிக்கங்க’ என்று பெயர் மாற்றாமல் வேறொருவர் கையில் கொடுப்பது எல்லாவற்றையும்விட ஆபத்து. ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

‘கடன் கொடுத்தவரே வண்டியை எடுத்துக்கொள்ளட்டுமே’ என்று கேட்கலாம். உரிமை இருக்கிறது, ஊக்கம் இல்லை. வண்டியைக் கைப்பற்றுவதற்கான நிபந்தனைகளை ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும், முன்னறிவிப்புக் காலத்தைக் குறிப்பிட வேண்டும், ஏலத்துக்கு முன் பணம் கட்டக் கடைசி வாய்ப்பு தர வேண்டும் என்று வங்கியல்லாத நிதி நிறுவனங்களுக்கான ரிசர்வ் வங்கியின் நியாய நடத்தை விதிகள் சொல்கின்றன. அடியாட்களை வைத்து வண்டியைப் பறிக்கக் கூடாது, சட்ட வழியில்தான் எடுக்க வேண்டும் என்று 2007இல் உச்ச நீதிமன்றம் கண்டித்தது. இவை கடனாளியைக் காக்கும் நல்ல விதிகள். ஆனால் ஓடாத வண்டியை இழுவை வண்டியில் ஏற்றி, யார்டில் வாடகைக்கு நிறுத்தி, மதிப்பீடு செய்து, நோட்டீஸ் அனுப்பி, ஏலம் விட்டால், 18 ஆயிரம் ரூபாய் பெறுமானமுள்ள பொருளுக்கு ஆகும் செலவு வருவதில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். அதனால் கள அலுவலர் வந்து வண்டியைச் சுற்றிப் பார்க்கிறார், போட்டோ எடுக்கிறார், ‘நீங்களே வைத்திருங்கள், பணத்தைக் கட்டுங்கள்’ என்று சொல்லிவிட்டுப் போகிறார். எடுத்துக்கொள்ளவும் மாட்டார், எச்.பி.யை நீக்கவும் மாட்டார்.

ஈடு எதற்காக என்ற அடிப்படைக் கேள்விக்கு இங்கே திரும்ப வேண்டும். கடன் திரும்பாவிட்டால் விற்றுப் பணமாக்குவதற்காகவே ஈடு. விற்றால் தேறாத பொருள் ஈடாக இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். இதை ரிசர்வ் வங்கியே தன் விதிகளில் ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஈட்டின் விற்பனை மதிப்பு, நிலுவைத் தொகையில் 10 சதவீதத்துக்கும் கீழே போய்விட்டால், அந்த ஈட்டைக் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளாமல் கடனை நட்டக் கணக்காக வகைப்படுத்த வேண்டும் என்பது வங்கிகளுக்கான சொத்து வகைப்பாட்டு விதி. மேலே சொன்ன எடுத்துக்காட்டில் 2,09,000 ரூபாய்க்கு 10 சதவீதம் 20,900. வண்டியின் எடை மதிப்பு 18,750. அதாவது, வங்கியின் பேரேட்டில் அந்த ஈடு செத்துவிட்டது. ஆர்.சி.யில் மட்டும் அது உயிரோடு இருக்கிறது. ஒரே பொருளுக்கு ஒரே நிறுவனத்தின் கையில் இரண்டு கணக்கு இருப்பது நியாயமல்ல. தன் லாப நட்டக் கணக்குக்கு இல்லை என்று ஆகிவிட்ட ஈட்டை, கடனாளியின் வாசலில் மட்டும் இருக்கிறது என்று வைத்திருக்க எந்தப் பொருளாதாரக் காரணமும் கிடையாது.

தீர்வுக்கான அச்சு சட்டத்திலேயே தயாராக இருக்கிறது. பர்மிட் புதுப்பித்தல், ஆர்.சி. தொலைந்தால் நகல் வாங்குதல், வண்டியை வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோதல் போன்றவற்றுக்கு நிதி கொடுத்தவரிடம் தடையில்லாச் சான்று கேட்க வேண்டும் என்கிறது 51ஆவது பிரிவு. அதே பிரிவு, விண்ணப்பம் கிடைத்த 7 நாளுக்குள் சான்றும் தராமல், மறுப்புக்கான காரணத்தையும் எழுதித் தெரிவிக்காமல் இருந்தால், சான்று தரப்பட்டதாகவே கருதப்படும் என்றும் சொல்கிறது. இந்தப் பட்டியலில் உடைப்புக்கான தடையில்லாச் சான்றையும் சேர்க்க வேண்டும். வண்டியைப் பார்த்து மதிப்பிட அவகாசம் தேவை என்பதால் 7 நாளை 30 நாளாக வைக்கலாம். பழுது பார்ப்பது கட்டுப்படியாகாது என்ற சான்றோடும், உடைப்பு நிலையம் தரும் விலைப்புள்ளியோடும் உரிமையாளர் எழுதிக் கேட்க வேண்டும். கடன் கொடுத்தவர் 30 நாளுக்குள் இரண்டில் ஒன்றைச் செய்ய வேண்டும்: தன் செலவில் வண்டியை எடுத்துக்கொள்ள வேண்டும், அல்லது உடைப்புக்கு மட்டும் செல்லுபடியாகும் சான்றைத் தர வேண்டும். மறுத்தால் காரணத்தை எழுத வேண்டும். உடைப்பு நிலையம் தரும் தொகை உரிமையாளர் கைக்கு வராமல் நேராகக் கடன் கணக்குக்குப் போக வேண்டும். மிச்சக் கடன் ஒரு ரூபாய்கூடக் குறையாமல், ஈடில்லாத கடனாக நிற்கும். 2021 விதிகளிலும் ஒரு வரி சேர்த்தால் போதும்: எச்.பி. நீங்கியிருக்க வேண்டும், அல்லது இப்படிப்பட்ட சான்று இருக்க வேண்டும்.

இதற்கு வரக்கூடிய முதல் மறுப்பு வலுவானது. ‘வண்டிமேல் பிடி இருப்பதால்தான் கடனாளி பணம் கட்டுகிறார், அதை விட்டால் யாரும் கட்ட மாட்டார்கள்’ என்பார்கள். ஓடுகிற வண்டி விஷயத்தில் இது முழு உண்மை. வண்டி பறிபோனால் பிழைப்பு போய்விடும் என்ற பயம் தவணையைக் கட்டவைக்கும். ஓடாத வண்டியில் அந்தப் பயத்துக்கு இடமில்லை. பறிபோவதற்கு எதுவும் மிச்சமில்லை. மிஞ்சுவது தொந்தரவு மட்டுமே. தொந்தரவு கடனை வசூலித்துத் தராது. கடனாளியின் கையில் இருக்கும் கொஞ்சப் பணத்தையும் பார்க்கிங் வாடகைக்கும் அபராதத்துக்கும் திருப்பிவிடும். வண்டி போன பிறகும் கடன் கொடுத்தவரிடம் உண்மையான கருவிகள் இருக்கின்றன: கடன் தகவல் நிறுவனத்தில் பதிவு, உரிமையியல் வழக்கு, நடுவர் தீர்ப்பாயம், லோக் அதாலத். வழக்குக்கான காலவரையறை 3 ஆண்டு என்பதால், மதிப்பில்லாத வண்டியைக் காட்டிக் காத்திருப்பதைவிட உரிய நேரத்தில் சட்ட வழியைத் தொடங்குவதே அவருக்கும் லாபம். ஜாமீன்தாரர் பற்றிய தயக்கமும் உண்டு. ஈட்டைக் கடன் கொடுத்தவர் ஜாமீன்தாரரின் சம்மதமின்றி விட்டுக்கொடுத்தால், அந்த மதிப்பளவுக்கு ஜாமீன்தாரர் பொறுப்பிலிருந்து விடுபடுவார் என்று ஒப்பந்தச் சட்டத்தின் 141ஆவது பிரிவு சொல்கிறது. விண்ணப்பத்தில் ஜாமீன்தாரரின் கையெழுத்தையும் வாங்கிவிட்டால் இந்தத் தயக்கத்துக்கு இடமில்லை.

இரண்டாவது மறுப்பு, மோசடி. நல்ல வண்டியின் என்ஜினைக் கழற்றி விற்றுவிட்டு, கூட்டை மட்டும் உடைப்புக்குக் கொடுப்பார்கள் என்ற சந்தேகம் நியாயமானது. ஆனால் எது இந்த மோசடிக்கு அதிக இடம் தருகிறது என்று பார்க்க வேண்டும். இப்போது வண்டி ஆண்டுக்கணக்கில் கவனிப்பாரற்று நிற்கிறது. அதிலிருந்து எது எப்போது போனது என்று யாருக்கும் தெரியாது. முன்வைக்கும் முறையில், 30 நாளுக்குள் வண்டியைப் பார்க்கக் கடன் கொடுத்தவருக்கு வாய்ப்பு இருக்கிறது. என்ஜின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் ஆர்.சி.யோடு ஒத்துப்பார்க்கப்படும், உறுப்புகள் குறைந்திருந்தால் அதையே மறுப்புக்கான காரணமாக எழுதலாம். உடைப்பு முடிந்ததும் பதிவு ரத்தாகிவிடுவதால் அந்த எண் திரும்ப ரோட்டுக்கு வர முடியாது. வண்டியை வேண்டுமென்றே கெடுக்கக் கடனாளிக்கு ஆதாயமும் இல்லை, ஏனென்றால் கடன் குறைவதில்லை. ஓடும் வண்டியைச் சந்தை விலைக்கு விற்றுக் கடனை அடைப்பவர், அதைக் கெடுத்து எடைக்குப் போடுபவரைவிட எப்போதும் முன்னால்தான் நிற்பார்.

மூன்றாவது, ‘இது இருவருக்கிடையிலான ஒப்பந்தம், அரசு ஏன் தலையிட வேண்டும்? வேண்டுமானால் ஒரே தவணையில் செட்டில்மெண்ட் பேசிக்கொள்ளட்டும்’ என்ற வாதம். சமரசத் தீர்வுகளுக்கு ஒவ்வொரு நிறுவனமும் வாரிய ஒப்புதலோடு கொள்கை வகுக்க வேண்டும் என்று 2023 ஜூனில் ரிசர்வ் வங்கி சொன்னது உண்மை. கடன் தீர்ந்தாலோ சமரசத்தில் முடிந்தாலோ 30 நாளுக்குள் பதிவான ஈட்டுரிமையை நீக்க வேண்டும், தாமதித்தால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு என்று தனிநபர் கடன்களுக்கு அதே ஆண்டு செப்டம்பரில் விதித்ததும் நல்ல முன்னேற்றம். ஆனால் இவை இரண்டும் கையில் மொத்தத் தொகை உள்ளவருக்கான வழிகள். அது இல்லாததால்தானே தவணையே நின்றது? இங்கே கேட்பது தள்ளுபடியும் அல்ல. கடன் கொடுத்தவர் எதையும் இழக்காமல், மாதந்தோறும் துருப்பிடித்துக் குறைந்துகொண்டிருக்கும் மதிப்பை இன்றைக்கே பணமாக்கும் வழி. ஒப்பந்தம் இருவருக்கிடையில் இருந்தாலும், வண்டி நிற்பது எல்லோருக்கும் பொதுவான தெருவில். அதன் எண் தவறான கைக்குப் போனால் பாதிக்கப்படுவது மூன்றாவது மனிதர். அரசு தலையிட அந்தக் காரணம் போதும்.

சட்டம் மாறும்வரை இருதரப்பும் செய்யக்கூடியவை இருக்கின்றன. 51ஆவது பிரிவு, எச்.பி.யை நீக்க ஒப்பந்தம் முடிந்ததற்கான சான்றைத்தான் கேட்கிறது. எனவே ஈட்டு ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டு, மிச்சத் தொகைக்குப் புதிதாக ஒரு கடன் பத்திரம் எழுதிக்கொள்ள இன்றைக்கும் தடையில்லை. வாகன நிதி நிறுவனங்கள் இதற்கு ஒரு பொது நடைமுறையை வகுத்து, எச்.பி.யை நீக்குவதற்கான படிவம் 35இல் கிளை அளவிலேயே கையெழுத்திடும் அதிகாரத்தைத் தர வேண்டும். கடனாளிகள் வாய்ப்பேச்சை நம்பாமல் எழுத்தில் செயல்பட வேண்டும். வண்டி ஓடவில்லை, எடுத்துக்கொள்ளுங்கள் அல்லது உடைக்க அனுமதியுங்கள் என்று பதிவுத் தபாலில் எழுதுவது முதல் படி. வண்டியை ஒப்படைத்தால் ஓடிய கிலோமீட்டர், டயர், பேட்டரி, ஸ்டீரியோ வரை பட்டியலிட்டு, போட்டோவோடு ரசீது வாங்க வேண்டும். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடக் கூடாது. ஏல விலையையும் அதன்பின் மிச்சக் கணக்கையும் எழுத்தில் கேட்க வேண்டும். தவணை தவறியதற்கான அபராதக் கட்டணத்தை அசலோடு சேர்த்து அதற்கும் வட்டி போடக் கூடாது என்பது 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி விதித்த கட்டுப்பாடு. கணக்கு அறிக்கையில் அதைச் சரிபார்க்க வேண்டும். 30 நாளுக்குள் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றிப் புகார் செய்யலாம்.

வாங்கிய கடனைத் திருப்பிக் கட்டுவது கடமை. அதில் மாற்றுக் கருத்துக்கு இடமில்லை. ஆனால் கடமையைக் கேட்பவரும் தன் பங்கைச் செய்ய வேண்டும்: ஈட்டை உரிய காலத்தில் பணமாக்க வேண்டும், முடியாதபோது விட வேண்டும். இரண்டையும் செய்யாமல் ஒரு பதிவை மட்டும் பிடித்துக்கொண்டிருப்பது வசூலும் ஆகாது, பாதுகாப்பும் ஆகாது. பழைய வண்டிகளை ரோட்டிலிருந்து நீக்க வேண்டும் என்று மத்திய அரசு 2021இலிருந்து பாடுபடுகிறது. அந்தக் கொள்கை வசதியுள்ளவர்களின் பழைய கார்களோடு நின்றுவிடாமல், தவணையில் சிக்கியவர்களின் ஓடாத கார்களையும் எட்ட வேண்டுமானால், போக்குவரத்து அமைச்சகமும் ரிசர்வ் வங்கியும் சேர்ந்து 51ஆவது பிரிவின் பட்டியலில் உடைப்பையும் சேர்க்க வேண்டும். இதற்காக அரசு ஒரு ரூபாய்கூட ஒதுக்க வேண்டியதில்லை. கடன் கொடுத்தவருக்குத் தேறும் தொகை கைக்கு வரும், கடனாளிக்குச் சுமை குறையும், தெருவுக்கு இடம் கிடைக்கும். மூவருக்கும் நன்மை தரும் திருத்தத்தைத் தள்ளிப்போட எந்தக் காரணமும் இல்லை.